கல்லுக்கா, கல்விக்கா?

கடல் கடந்து வந்தது ஒரு கடிதம். டென்மார்க் நாட்டுத் தலைநகர் கோபன்ஹேகனில் எழுதப்பட்டது. சோழநாட்டுக் கடற்கரையில், தரங்கம்பாடியில் படிக்கப்பட்டது. எழுதியவர் கிறிஸ்தியன் வெண்ட்; மன்னன் நான்காம் பிரடெரிக் 1714இல் அமைத்த மிஷன் கழகத்தின் செயலாளர். படித்தவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு; அதே மன்னன் அனுப்பி வைக்க, 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார். எழுதியவர் மேசை முன் அமர்ந்திருந்தார். படித்தவர் நோயோடு மல்லாடிக் கொண்டிருந்தார்.

கடிதத்திலே கண்ட குற்றச்சாட்டு யாது? கொலையா? கொள்ளையா? அரசத் துரோகமா? அல்ல, அல்ல. கட்டடம் கட்டிய குற்றம்!

ஏசுவின் சீடர்கள் கையில் காசின்றி, காலில் செருப்பின்றி ஊர் ஊராகச் சென்றவர்கள். அவர்கள் வழிவந்தோம் என்போர் ஒரே ஊரில் தங்கிவிடுவதா? கோயில் என்றும், பள்ளி என்றும், விடுதி என்றும் பணத்தைச் சுண்ணாம்பிலே கரைப்பதா? இதுவே வெண்ட் கொண்ட கொள்கை. அந்தக் கொள்கை கண்டனமாக வந்தது, கடுமொழியாகத் தைத்தது. 1719 பிப்ரவரி 23ஆம் நாள் சீகன்பால்கு கண்மூடினார். அப்பொழுது அவருக்கு வயது 36. நோய் பாதி கொன்றது, கடிதம் மீதியைக் கொன்றது என்று பேசுவோர் உண்டு. அடுத்த ஆண்டிலேயே அவருடைய தோழர் கிரண்ட்லரும் மாண்டார். மாண்டவர் இருவரும் எந்தக் கோயிலைக் கட்டியதற்காக ஏசப்பட்டனரோ, அந்தக் கோயிலுக்குள்ளேயே புதைக்கப்பட்டனர்!

முந்நூறு ஆண்டுக்கு முந்திய இந்தச் சண்டை இன்று நமக்கு எதற்கு என்று இளைஞர் சிலர் கேட்கக்கூடும். அரூருக்கு அப்பால், சித்தேரி மலையிலே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியன் நான். மலையூர் ஒன்றில் ஒரு சுவர் எழவேண்டுமானால், செங்கல்லும் மணலும் சிமெண்டும் அடிவாரத்திலிருந்து ஏறி வரவேண்டும். ஒவ்வொரு செங்கல்லுக்கும் கூலி உண்டு, வியர்வை உண்டு. ஆகவே, 'இந்தக் கட்டடம் எதற்காக? யாருக்காக?' என்ற கேள்வி, எங்களுக்கு ஏட்டுக் கேள்வி அன்று, வயிற்றுக் கேள்வி. கிறித்தவச் சபைகள் தமக்கெனக் கட்டடங்கள் எழுப்பப் பொருள் செலவிடலாமா, கூடாதா என்ற வழக்கு உலகெங்கும் நடக்கிறது. அந்த வழக்கின் தமிழ்நாட்டு ஏடுகளைச் சற்றே புரட்டுவோம்.

அதற்கு முன்னர், ரோமாபுரிக்கு ஒரு நடை போய் வரவேண்டும். ஏனெனில், இந்தக் கேள்வி எழுந்தபோது ஐரோப்பாவே இரண்டாகப் பிளந்தது.

1506இல் போப் இரண்டாம் ஜூலியஸ், புனித பேதுரு பேராலயத்துக்குக் கால்கோள் செய்தார். கட்டத் தொடங்கியபின் பணம் போதவில்லை. அவருக்குப்பின் வந்த பத்தாம் லியோ ஒரு வழி கண்டார்: பாவமன்னிப்புச் சீட்டு! பணம் கொடு, சீட்டு வாங்கு. உத்தரிக்கும் தலத்தில் வாடும் உன் தந்தையின் தண்டனை குறையும்! ஜெர்மன் நாட்டிலே டெட்சல் என்ற துறவி இந்தச் சீட்டுகளைக் கூவிக் கூவி விற்றார். வசூலான பணம் முழுதும் ரோமாபுரிக்குப் போயிற்றா? அதுவும் இல்லை. ஆல்பிரெக்ட் என்ற பேராயர் தம் பதவியைப் பெறுவதற்காக வாங்கிய கடனை அடைக்க, பாதிப் பணம் ஃபுக்கர் என்ற வட்டிக்கடைக் குடும்பத்தின் பெட்டிக்குப் போயிற்று. கோபுரத்தின் பேரால் வாங்கிய காசு, கடன்காரனுக்குச் சேர்ந்தது!

1517 அக்டோபர் 31இல் மார்ட்டின் லூதர் 95 கருத்துகளை வெளியிட்டார். செல்வச் சீமானாகிய போப், ஏழைகளின் காசுக்குக் கையேந்தாமல் தம் சொந்தப் பணத்தில் ஆலயம் கட்டிக்கொள்ளக் கூடாதா என்ற பொருள்பட ஒரு கருத்து அவற்றுள் இருந்தது. கேள்வி எழுந்தது, கிறித்தவ உலகம் பிளந்தது. ஆலயமோ 1626இல்தான் திருநிலைப்படுத்தப்பட்டது. 120 ஆண்டுக் கட்டட வேலை. அதற்கு விலையாக ஒரு சமயமே இரண்டாயிற்று.

வரலாறு குறும்புக்காரி. ஆலயச் செலவைக் கேள்வி கேட்டுப் பிறந்த லூதர் வழிச் சபை, சரியாக 200 ஆண்டு கழித்து, 1717 பிப்ரவரியில் தரங்கம்பாடியில் தன் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டிற்று! 1718 அக்டோபரில் திறப்பு விழா. புதிய எருசலேம் ஆலயம் என்று பெயர். டென்மார்க் மன்னனின் முத்திரையும் 1718 என்ற ஆண்டும் முகப்பிலே பொறிக்கப்பட்டன. இன்றும் காணலாம்.

அப்படியானால் வெண்ட் சொன்னது சரிதானே? அவசரப்படவேண்டாம். கணக்கு முழுவதையும் பார்ப்போம்.

சீகன்பால்குவும் அவருடன் வந்த புளுட்சோவும் 1707இல் கடலோரம் ஒரு சிறு கோயில் கட்டினர். அது மட்டுமா? அதே ஆண்டில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி வைத்தனர். பெண்ணுக்கு ஏடு எதற்கு, எழுத்தாணி எதற்கு என்று நாடு கேட்டுக்கொண்டிருந்த காலம் அது! 1708இல் டேனிஷ் ஆளுநர் ஹாசியஸ், சீகன்பால்குவைப் பிடித்துக் கோட்டைக்குள் நான்கு மாதம் அடைத்தார். வெளியே வந்தவர் மேலும் தமிழ் படித்தார். பனையோலைச் சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1713 அளவில் தமிழ் எழுத்துகளோடு அச்சு இயந்திரம் ஓடிற்று. 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. காகிதம் போதவில்லை என்றதும் பொறையாற்றில் காகித ஆலை எழுந்தது.

பள்ளிக்குக் கூரை வேண்டாமா? அச்சு இயந்திரத்தை மழையிலே வைத்து ஓட்ட முடியுமா? காகித ஆலையை மரத்தடியில் நடத்த முடியுமா? வெண்ட் செய்த பிழை இங்கேதான் இருக்கிறது. கல்லுக்குப் போன பணத்தையும் கல்விக்குப் போன பணத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தார். ஆலயத்தின் தூணும் பள்ளியின் திண்ணையும் அவர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தன. எளிமை என்பது உயர்ந்த சொல். ஆனால் அரசன் படியளக்கும் அலுவலகத்தில் இருந்துகொண்டு, பல்லாயிரம் கல்லுக்கு அப்பால் வெயிலில் காய்பவனுக்கு எளிமையை உபதேசிப்பது எளிது, மிக எளிது!

எனினும், வெண்ட் கேட்ட கேள்வியிலே பாதி நியாயம் இருக்கிறது. பணம் எங்கே போகிறது என்று கேட்டாரே, அது நியாயம். எந்தச் சபையாயினும், எந்த மடமாயினும், ஊரார் பணத்துக்குக் கணக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால், கேட்கவேண்டிய மற்றொரு பாதியை அவர் கேட்கவில்லை. அவர் மட்டுமா? அந்நாளில் கேட்டவர் அரிதினும் அரிது. கட்டிய கோயிலுக்குள்ளே யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதே அந்தக் கேள்வி.

தரங்கம்பாடி ஆலயத்தில் சாதிக் கிறித்தவர் ஓரிடம்; ஒடுக்கப்பட்ட குலத்துக் கிறித்தவர் வேறிடம். ஆண்டவன் ஒருவன் என்று முழங்கும் மேடை. அந்த மேடைக்கு முன்னே இடைவெளி விட்டு இரு கூட்டம்! 1733இல் தமிழர் ஒருவரைக் குருவாக்கும் நாள் வந்தது. இருவர் பெயர் அடிபட்டன. ஒருவர் ஆரோன், வேளாளர். மற்றவர் ராஜநாயக்கன், தஞ்சை அரசரின் படையில் பணிபுரிந்தவர், ஊர் ஊராகச் சென்று உழைத்து, சபையை வளர்த்தவர், பறையர் குலத்தவர். ஆரோன் குருவானார். ராஜநாயக்கன் ஆகவில்லை. உழைப்புப் போதவில்லையா? அறிவு குறைவா? இல்லை. அவர் கையால் திருவிருந்து வாங்கச் சாதிக் கிறித்தவர் இசையமாட்டார் என்பதே தடை. கடலுக்கு அப்பாலிருந்து கட்டடச் செலவைத் துருவித் துருவிக் கேட்டவர்கள், இந்தச் செலவை, ஒரு மனிதனின் மானத்தைச் செலவிட்டதை, எந்தப் பேரேட்டில் பற்று எழுதினார்கள்?

சரியாக நூறு ஆண்டு கழிந்தது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று சுற்றறிக்கை விடுத்தார். விளைவு? தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் சாதிக் கிறித்தவர் பலர் சபையை விட்டே வெளியேறினர். கடவுளை விட்டாலும் விடுவோம், சாதியை விடமாட்டோம் என்று நடந்து காட்டினர்!

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்றுக்குக் காது கொடுக்கவேண்டும். காது கொடாதவன் பகுத்தறிவாளன் அல்லன்.

'ஏழைக்குச் சோறு மட்டும் போதுமா? அவனுக்கு மானம் வேண்டாமா? ஊர்க்கோயிலில் நுழைய விடாமல் துரத்தப்பட்டவன், தனக்கென ஓர் ஓங்கிய கட்டடத்தைக் கண்டு நிமிர்ந்து நடக்கக் கூடாதா?' என்று கேட்பர். வலிவுள்ள வாதம் இது. கமுதியை நினைத்துப் பாருங்கள். 1897இல் நாடார்கள் அங்கே மீனாட்சி சொக்கநாதர் கோயிலுக்குள் நுழைந்தனர். நுழைந்தது குற்றம் என்று வழக்கு. மதுரை, சென்னை என்று ஏறி, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1908இல் அங்கும் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராகவே வந்தது. அதே நாடார் குலத்தவர், அந்த வழக்குக்கு வெகுகாலம் முன்னரே, திருநெல்வேலித் தேரிக்காட்டில் மெஞ்ஞானபுரம் ஆலயத்துக்குள் தலை நிமிர்ந்து நடந்தனர். ஜான் தாமஸ் என்ற பாதிரியார் கட்டிய ஆலயம் அது. அதன் கோபுரம் 192 அடி. பனையேறிப் பிழைத்த மக்களின் ஊரிலே, பனையையும் மிஞ்சி நின்ற கோபுரம். நாடு அவர்களைக் குனியச் சொன்னது. கோபுரம் அண்ணாந்து பார்க்கச் சொன்னது. இதை வீண் செலவு என்று ஒரே சொல்லில் தள்ளிவிட நம்மால் ஆகாது. மானத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு.

ஆனால் அந்த மானம் எவ்வளவு தூரம் சென்றது? அதே நெல்லைச் சீமையில், வடக்கன்குளம் என்றோர் ஊர். 1872இல் அங்கே கத்தோலிக்கருக்கு ஒரு புதிய ஆலயம் எழுந்தது. அதன் அமைப்பைக் கேட்டால் சிரிப்பு வரும். சிரித்து முடித்தபின் சினம் வரும். பீடம் ஒன்று, அதிலிருந்து கிளை பிரிவதுபோல் நீண்ட கூடங்கள் இரண்டு. ஒரு கூடத்தில் வேளாளர். மறு கூடத்தில் நாடார். ஒருவரை ஒருவர் காணாதபடி நடுவே சுவர். பூசை செய்யும் குருவை மட்டும் இருசாராரும் காணலாம்! 'கால்சட்டைக் கோயில்' என்று ஊரார் அதற்குப் பெயர் வைத்தனர். ஒரு காலில் ஒரு சாதி, மறு காலில் மறு சாதி!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! கல் வாங்கினார்கள், பிரிப்பதற்கு. சுண்ணாம்பு வாங்கினார்கள், பிரிப்பதற்கு. கொத்தனுக்குக் கூலி கொடுத்தார்கள், பிரிப்பதற்கு. ஒரு கூடம் கட்டவேண்டிய இடத்தில் இரு கூடம். தீண்டாமைக்கு இரட்டைச் செலவு! 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. உடனே வேளாளக் கிறித்தவர் நீதிமன்றம் ஏறினர். எங்கள் சுவர் எங்களுக்கு வேண்டும் என்றனர். சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. கட்டுவதற்குப் பணம் செலவாயிற்று. இடிப்பதற்குத் துணிவு செலவாயிற்று. அந்த ஆலயத்துக்கான செலவிலே சிறந்த செலவு எது என்று என்னைக் கேட்டால், கடப்பாரைக்குக் கொடுத்த கூலி என்பேன்.

'இதெல்லாம் பழங்கதை' என்று தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் எறையூர். அங்கே ஒடுக்கப்பட்ட கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கோரினர். ஒரே சபைக்குள் உரிமையோடு வாழ வழி இல்லாதபோதுதானே பிரிந்து போகும் எண்ணம் பிறக்கும்? 2008 மார்ச்சில் பூசல் மூண்டது; காவல்துறை சுட்டது; இருவர் மாண்டனர். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே, சபைக்குள் தீண்டாமை இன்னும் இருக்கிறது என்று தன் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது நேர்மை, ஒழிப்பது கடமை. சுவர் தெரியாமலும் இருக்கும். செங்கல் இல்லாமலும் சுவர் நிற்கும்.

ஆக, கட்டலாமா கூடாதா என்று மொட்டையாகக் கேட்பது பயனற்றது. எதை முதலில் கட்டுவது? யாருக்குக் கட்டுவது? இப்படிக் கேட்டால்தான் உண்மை வெளிப்படும். இரண்டு சான்றுகளை எதிரெதிரே நிறுத்துகிறேன்.

முதற்சான்று வேலூர். ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண், மிஷன் மருத்துவக் குடும்பத்தில் பிறந்தவர். இளம்வயதில் திண்டிவனத்தில் தந்தையுடன் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து கதவைத் தட்டினர். மூவர் வீட்டிலும் பேறுகால வேதனையில் பெண்கள். மருத்துவரான தந்தை வருவதாகச் சொன்னார். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மறுத்துவிட்டனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் மடிந்தனர். மூட நம்பிக்கை வாங்கிய மூன்று உயிர்! அந்த இரவு அவரை மருத்துவராக்கிற்று. அமெரிக்காவில் ஒரு வங்கியாளர் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரோடு அவர் திரும்பினார். முதலில் ஒரே படுக்கை. 1902இல் 40 படுக்கை கொண்ட மருத்துவமனை. 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. அதுவே வளர்ந்து இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரி. அதுவும் செங்கல்தான், அதுவும் சுண்ணாம்புதான். ஆனால் அந்தச் செங்கல்லுக்குள் உயிர் பிழைத்தோர் எத்தனை ஆயிரவர்!

இரண்டாம் சான்று ஆப்பிரிக்கா. ஐவரி கோஸ்ட் நாட்டுத் தலைவர் ஊஃபுவே-புவாஞி, தாம் பிறந்த யாமுசுக்ரோ ஊரில் ஒரு பேராலயம் எழுப்பினார். உயரம் 158 மீட்டர். ரோமாபுரிப் பேராலயத்தையும் மிஞ்சும் உயரம். 1985இல் அடிக்கல், 1989இல் வேலை முடிந்துவிட்டது. அருகே ஒரு மருத்துவமனையும் கட்டவேண்டும் என்று போப் இரண்டாம் ஜான் பால் நிபந்தனை விதித்தார். 1990இல் ஆலயத்தை அர்ச்சித்தார். மருத்துவமனைக்கும் அப்பொழுதே அடிக்கல் நாட்டப்பட்டது. மருத்துவமனை எப்பொழுது திறந்தது தெரியுமா? 2015இல்! ஆலயத்துக்கு நான்கு ஆண்டு. மருத்துவமனைக்கு இருபத்தைந்து ஆண்டு. இடையில் உள்நாட்டுப் போரும் வந்தது, உண்மைதான். ஆயினும் ஆலயம் முந்திக்கொண்டது, நோயாளி பிந்திவிட்டான். வரிசை பிறழ்ந்தால் வந்து சேரும் கதி இதுவே.

வரிசை பிறழாமல் வளர்ந்த ஒரு கட்டடத்தைக் காண, எங்கள் மலையடிவாரத்துக்கே வரலாம். சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கில் சிட்டிலிங்கி. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர். 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதியர் அங்கே வந்தனர். எந்தச் சபையும் அனுப்பி வரவில்லை. யாரையும் மதம் மாற்ற வரவில்லை. மருத்துவமனை எங்கே தொடங்கிற்று? ஊர்மக்கள் கட்டிக் கொடுத்த கூரைக் குடிசையில்! அறுவையும் பேறுகாலமும் அங்கேதான். பின்னர் நோயாளிகள் பெருகினர், படுக்கை பெருகிற்று, கட்டடமும் எழுந்தது. மலைவாழ் பெண்களையே பழக்கிச் செவிலியராகவும் நலப் பணியாளராகவும் ஆக்கினர். தேவை முன்னே நடந்தது. கட்டடம் பின்னே வந்தது. கூரைக்குக் கீழே நடந்த வேலையைக் கண்டுதான் ஊர் கல்லெடுத்துக் கொடுத்தது.

சபைகள் கட்டடமே கட்டக்கூடாது என்பது என் வாதமன்று. சொந்தப் பணத்தில் கூடி இருக்க ஒரு கூடம் கட்டிக்கொள்வது எவர்க்கும் உரிமை. மழை ஒழுகும் கூரையை மாற்றுவதும், முன்னோர் கட்டிய சின்னத்தைப் பேணுவதும் பழியல்ல. ஆனால் பொதுமக்களிடம் நன்கொடைச் சீட்டுப் புத்தகத்தை நீட்டும்போது, மூன்று கேள்விக்கு விடை சொல்லியாகவேண்டும்.

இந்தக் கட்டடத்துக்கு முன், இந்த ஊருக்குத் தேவையானது வேறு ஏதேனும் காத்திருக்கிறதா? அதன் கணக்கு, காசு கொடுத்த கடைசி மனிதனும் படிக்கும்படி வாசலில் ஒட்டப்படுமா? அதன் நடுக்கூடத்தில், முன் வரிசையில், பீடத்தின் மேல், எந்தக் குலத்தவனும் ஏறி நிற்க முடியுமா?

மூன்றுக்கும் நேர்மையான விடை கிடைத்தால், கட்டட்டும். ஒன்றுக்கு விடை இல்லையேல், உங்கள் காசு உங்கள் மடியிலேயே இருக்கட்டும். இந்தக் கேள்விகளை மாதாகோயிலிடம் மட்டும் கேட்டுவிட்டுக் குடமுழுக்குக்காரரிடமும் பள்ளிவாசல்காரரிடமும் கேளாமல் நழுவுவது நேர்மையன்று. உண்டியல் எந்த நிறமாயினும், அதில் விழுவது உழைப்பவன் காசுதான்.

வெண்ட் எவ்வளவு செலவு என்று மட்டும் கேட்டார். பள்ளியையும் சேர்த்துப் பழித்தார். வடக்கன்குளத்தார் யார் எங்கே என்று மட்டும் கவலைப்பட்டனர், சுவர் வைத்தனர். நாம் இரண்டையும் சேர்த்துக் கேட்போம். ராஜநாயக்கனுக்குத் தரங்கம்பாடியிலே மறுக்கப்பட்ட படி, இன்று எந்த ஆலயத்திலேனும் மறுக்கப்படுமாயின், அந்த ஆலயத்தின் கோபுரம் 192 அடி உயர்ந்தாலும், மனிதன் நிமிர்ந்து நிற்க அதற்குள்ளே உயரம் போதாது!